முதல் ஐந்து வாரங்களைக் காத்தல்: வன்னியில் கணினிப் பட்டப்படிப்பு மாணவரின் ஈடுபாட்டை வளர்க்கவும் அளவிடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வன்னியில் கணினி சார்ந்த பட்டப்படிப்பு இன்று இரண்டு இடங்களில் நடைபெறுகிறது. 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இயங்கி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழினுட்ப பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. இந்த இடங்களில் கற்பிக்கும் விரிவுரையாளர்கள், போதனாசிரியர்கள், மாணவர் ஆலோசகர்கள் ஆகியோருக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. இதில் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. ஒரு மாணவர் பின்தங்கிவிட்டார் என்பது பெறுபேறு வெளிவரும் நாளில் துறைக்குத் தெரியவருகிறது. அவர் பின்தங்கத் தொடங்கியதோ முதலாம் அரையாண்டின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில், நிரலாக்க ஆய்வுகூடத்தில். அந்த இடைவெளியில் அவரைக் கண்டுபிடிப்பதற்கான ஒழுங்கு துறையிடம் இல்லையென்றால், பின்னர் எடுக்கும் எந்த முயற்சியும் காலங்கடந்ததாகவே அமையும்.

நிரலாக்கத்தில் இந்த ஆபத்து ஏனைய பாடங்களைவிடக் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாறி, அதாவது பெறுமதியைச் சேமித்துவைக்கும் பெயர், புரியாதவருக்கு நிபந்தனைக் கூற்று புரியாது. நிபந்தனைக் கூற்று புரியாதவருக்கு, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் லூப் புரியாது. லூப் புரியாதவர் அரே, ஃபங்சன் என்று பாடம் நகரும்போது வெறும் பார்வையாளராகிவிடுகிறார். ஆரம்ப வாரங்களில் கிடைக்கும் சிறு வெற்றி அடுத்ததை எளிதாக்குகிறது, சிறு தோல்வி அடுத்ததைக் கடினமாக்குகிறது என்று நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அந்தனி ராபின்ஸ் 2010இல் விளக்கினார். இது உலகெங்கும் உள்ள பிரச்சினை. வாட்சன், லீ ஆகிய ஆய்வாளர்கள் 2014இல் 15 நாடுகளைச் சேர்ந்த 161 முதல்நிலை நிரலாக்கப் பாடநெறிகளின் தரவைத் தொகுத்தபோது, சராசரிச் சித்தி 67.7 சதவீதமாகவே இருந்தது. ஆகவே நமது மாணவர் தடுமாறுவதை உயர்தரப் பெறுபேற்றின் மீதோ, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியின் மீதோ, பிரதேசத்தின் மீதோ சுமத்திவிட்டு நகர்வதற்கு நியாயம் இல்லை.

முதற்படி: எதை அளக்கிறோம் என்பதைத் துறைக்குள் முடிவு செய்தல்

"எத்தனை பேர் இடைவிலகினர்?" என்ற கேள்விக்கு நமது அரச பல்கலைக்கழகங்களில் நேரடியான விடை கிடைப்பது அரிது. கட்டணம் செலுத்தும் முறை இல்லாததால், விலகும் மாணவர் கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய தேவை பெரும்பாலும் எழுவதில்லை. வகுப்புக்கு வருவது குறைகிறது, பரீட்சைக்கு விண்ணப்பிப்பது தவறுகிறது, அடுத்த வருடப் பதிவு நடைபெறாமல் போகிறது. பெயர் மட்டும் பட்டியலில் நீடிக்கிறது. எனவே ஒரே வருடத்தில் சேர்ந்த ஒவ்வொரு மாணவர் அணிக்கும் ஒரே தாளில் நான்கு நிலைகளைப் பதிய வேண்டும்: பதிவு செய்து எல்லாப் பாடங்களிலும் முன்னேறுபவர், பதிவு செய்தும் மீள்பரீட்சைகளைச் சுமந்து செல்பவர், அனுமதி பெற்றுக் கற்கையைப் பிற்போட்டவர், பதிவு செய்யாதவர். இந்தத் தாள் ஒவ்வொரு அரையாண்டின் தொடக்கத்திலும், பதிவு முடிந்த கிழமையிலேயே நிரப்பப்பட வேண்டும்.

இரண்டாவது நிலையில் இருப்பவர்களே துறையின் கூடுதல் கவனத்துக்கு உரியவர்கள். பல பீடங்களில் மீள எழுதும் பாடத்துக்குச் சி தரத்துக்கு மேல் கொடுக்கப்படுவதில்லை. முதல் வருடத்தில் இரண்டு பாடங்களைத் தவறவிட்டவரின் சராசரித் தரப்புள்ளி பட்டம் பெறும் நாள் வரை அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. அவர் இடைவிலகாமல் நிலைத்திருக்கிறார் என்று கணக்குச் சொல்லும்; ஆனால் சிறப்புப் பட்டத்துக்கான வாய்ப்பை அவர் எப்போதோ இழந்திருப்பார். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி 90 திறமைப்புள்ளிகளுடன் மூன்று வருடப் பட்டமும் 120 திறமைப்புள்ளிகளுடன் சிறப்புப் பட்டமும் வழங்கப்படுகின்றன. மூன்று வருடத்துடன் வெளியேறுபவர் விரும்பி வெளியேறினாரா, வேறு வழியின்றி வெளியேறினாரா என்பதையும் அதே தாளில் தனியாகக் குறித்துக்கொள்வது நல்லது.

ஈடுபாடு என்பதை வருகைப் பதிவேட்டுடன் முடித்துக்கொள்ளக் கூடாது. பிரெட்ரிக்ஸ், புளூமன்ஃபெல்ட், பாரிஸ் ஆகியோர் 2004இல் மாணவர் ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினர். வகுப்புக்கு வருவதும் ஒப்படையைச் சமர்ப்பிப்பதும் நடத்தை. இந்தத் துறை எனக்குரியது, இங்கே எனக்கு இடமுண்டு என்ற எண்ணம் உணர்வு. பிழைச் செய்தியை வாசித்துக் காரணத்தைத் தேடுவது சிந்தனை. பரீட்சைக்கு அமர 80 சதவீத வருகை வேண்டும் என்ற விதி பரவலாக இருப்பதால், மாணவர் வகுப்பறையில் இருப்பார். அதனால் வருகைப் பதிவு மற்ற இரண்டைப் பற்றி ஏறத்தாழ எதையும் சொல்வதில்லை.

இரண்டாம்படி: வந்திருப்பவர் யார் என்று முதல் வாரத்திலேயே அறிதல்

ஒரே வகுப்பறையில் அமரும் மாணவர்களின் தொடக்கப் புள்ளிகள் வெகுவாக வேறுபடுகின்றன. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்தவர் பைதன் நிரலாக்க மொழி, தரவுத்தளம், இணையப்பக்க வடிவமைப்பு ஆகியவற்றைத் தொட்டுவிட்டு வருகிறார். இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனவியல் என்று படித்து வந்தவர் விசைப்பலகையில் நிரல் வரி ஒன்றைக்கூட எழுதியிராதவராக இருக்கலாம். வவுனியாவில் சிங்கள மாணவரும் தமிழ், முஸ்லிம் மாணவரும் ஒரே ஆய்வுகூடத்தில் அருகருகே அமர்கின்றனர். எல்லோருக்கும் கற்பித்தல் மொழி ஆங்கிலம், பெரும்பாலானோர் பாடசாலையில் படித்ததோ தாய்மொழியில்.

இதனை அறிய ஒரு பக்க வினாக்கொத்து போதுமானது. உயர்தரத்தில் கணினிப் பாடம் படித்தாரா, மடிகணினி தனக்கென்று இருக்கிறதா அல்லது பகிர்கிறாரா, விடுதியிலா வாடகை அறையிலா வீட்டிலிருந்தா வருகிறார், இரவில் இணைய இணைப்பு கிடைக்கிறதா, குடும்பத்தின் வருமானத்துக்காகத் தானும் வேலை செய்கிறாரா என்ற ஐந்தையும் கேட்டால் துறைக்குத் தேவையான பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இருந்து வரும் ஒரு மாணவி தாயின் உழைப்பில் மட்டும் நிற்கும் குடும்பத்திலிருந்து வரலாம். அவருக்கு மடிகணினி வாங்குவது ஒரு போகத்தின் வருமானத்தோடு தொடர்புடைய விடயம். வினாக்கொத்தை அந்த உணர்வோடு எழுத வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் மனத்தில் வைத்து, எதற்காகக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை மேற்பகுதியிலேயே எழுதிவிட வேண்டும்.

முன் அனுபவத்தின் அடிப்படையில் பிரித்துக் கற்பிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி, முதலாம் வருட நிரலாக்கப் பாடத்தை அனுபவம் உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் எனத் தனித்தனிப் பிரிவுகளாக நடத்தியது. அங்கே கணினியியலைத் தேர்ந்த பெண்களின் பங்கு சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாக உயர்ந்ததற்கு எடுத்த பல நடவடிக்கைகளில் இதுவும் ஒன்று. ஆளணி குறைந்த நமது துறைகளில் விரிவுரையை இரண்டாகப் பிரிக்க முடியாமல் போகலாம். ஆய்வுகூடக் குழுக்களைப் பிரிப்பது எந்தத் துறைக்கும் முடியும். பதிவிலக்க வரிசையில் குழு அமைக்கும் வழக்கத்தை மாற்றி, முன் அனுபவம் இல்லாதவர்களை ஒரே நேரத்தில் சேர்த்து, அவர்களுக்கு மிகத் திறமையான போதனாசிரியரை நியமிக்க வேண்டும். இரண்டு பிரிவுக்கும் ஒரே ஒப்படை, ஒரே பரீட்சை. வேகம் மட்டும் வேறு. பிரிவுகளுக்குத் தரத்தைக் குறிக்கும் பெயர் எதுவும் சூட்டக் கூடாது.

மூன்றாம்படி: முதற் பாடநெறியைத் திருத்தியமைத்தல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்ற நிலை ஏற்பட்டால், இந்தப் படியைச் செய்யுங்கள். முதல் அரையாண்டின் நிரலாக்கப் பாடம் எப்படி நடத்தப்படுகிறது என்பதற்கே எண்களில் மிக வலுவான ஆதாரம் உண்டு. ஃபிரீமன் குழுவினர் 2014இல் 225 ஆய்வுகளைத் தொகுத்து, வெறும் விரிவுரை முறையில் சித்தியடையாதோர் சராசரியாக 33.8 சதவீதம் எனவும், மாணவர் செயற்படும் வகுப்புகளில் 21.8 சதவீதம் எனவும் காட்டினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், ஹார்வர்டின் எரிக் மசூர் 1991இல் தொடங்கிய சகபாடி கற்பித்தல் முறையை நான்கு கணினிப் பாடங்களில் பின்பற்றியபோது, சித்தியடையாதோரின் பங்கு சராசரியாக 20இலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. போர்ட்டர் குழுவினர் 2013இல் இதனைப் பதிவு செய்தனர்.

அந்த முறை வகுப்பறையில் எப்படி நடக்கும் என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். பலகையில் இதனை எழுதுங்கள்: மாறி 'அ'வில் 5 உள்ளது, மாறி 'ஆ'வில் 8 உள்ளது. முதல் வரி, 'ஆ'வின் பெறுமதியை 'அ'வுக்கு வழங்குகிறது. இரண்டாம் வரி, 'அ'வின் பெறுமதியை 'ஆ'வுக்கு வழங்குகிறது. இறுதியில் என்ன இருக்கும்? பெறுமதிகள் இடம் மாறியிருக்கும் என்பது முதல் தெரிவு. இரண்டிலும் 8 என்பது இரண்டாவது. இரண்டிலும் 5 என்பது மூன்றாவது. எதுவும் மாறாது என்பது நான்காவது. மாணவர் யாரிடமும் பேசாமல் ஒரு நிமிடம் யோசித்து, தன் தெரிவுக்குரிய நிறத்தாளை உயர்த்த வேண்டும். சரியான விடை இரண்டாவது. ஆனால் முதல் தெரிவுக்கே பல தாள்கள் உயரும், ஏனெனில் சமக்குறியைக் கணிதத்தில் பார்த்த கண்ணால்தான் மாணவர் இதையும் பார்க்கிறார். ஒரே வரியில் இரு மாறிகளை இடமாற்றும் வசதி பைதனில் உண்டு என்பதால், உயர்தரத்தில் அதைப் பார்த்து வந்தவரும் இங்கே சறுக்கக்கூடும்.

சரியாகச் சொன்னவர் வகுப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கும் மூன்றிலிரண்டு பங்குக்கும் இடையில் இருந்தால், விடையைச் சொல்லாமல், "பக்கத்தில் இருப்பவர் ஏன் வேறு நிறத்தைத் தூக்கினார் என்று கேளுங்கள்" என்று சொல்லி மூன்று நிமிடம் கொடுங்கள். அவர்கள் தமிழிலோ சிங்களத்திலோ கலந்தோ பேசட்டும். பின்னர் மீண்டும் தாள் உயர்த்தச் சொல்லி, அதன்பின் நீங்கள் விளக்குங்கள். ஒரு மணித்தியால விரிவுரையில் இத்தகைய கேள்வி மூன்று போதும். நிறத்தாளுக்குச் செலவு இல்லை, டேட்டா தேவையில்லை, மின்வெட்டு வந்தாலும் வகுப்பு நிற்காது. முதல் வாக்கிலும் இரண்டாம் வாக்கிலும் எண்ணிக்கையைக் குறித்துவைத்தால், அந்த வகுப்பிலேயே புரிதல் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவீடும் கிடைத்துவிடுகிறது.

ஆய்வுகூடத்தில் இரண்டு மாற்றங்கள் வேண்டும். வெற்றுத் திரையில் நிரல் எழுதச் சொல்வதற்கு முன், எழுதிய நிரலை வாசித்து விளைவைச் சொல்ல வைப்பதும், குலைந்த வரிகளை ஒழுங்குபடுத்த வைப்பதும் முதலில் வர வேண்டும். வரிகளைக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லும் பயிற்சியைப் பார்சன்ஸ், ஹேடன் இருவரும் 2006இல் அறிமுகம் செய்தனர். காகிதக் கீற்றுகளாக வெட்டிக் கொடுத்தாலே அது நடக்கும். இரண்டாவது, இருவர் ஒரே கணினியில் மாறி மாறி எழுதும் முறை. ஒருவர் விசைப்பலகையில், மற்றவர் பார்த்துச் சொல்பவராக, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் மக்டவல் குழுவினர் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு சேர்ந்து எழுதியவர்கள் பாடத்தை முடிப்பதும் கணினித் துறையில் தொடர்வதும் கூடுதலாக இருந்தது. இணைகளை நீங்களே அமையுங்கள். அனுபவம் ஏறத்தாழ ஒத்தவர்களை இணைத்தால் ஒருவரே எல்லாவற்றையும் எழுதிவிடும் நிலை குறையும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை இணையை மாற்றினால், அரையாண்டு முடியும்போது ஒவ்வொருவருக்கும் உதவி கேட்கக்கூடிய ஏழு பேர் இருப்பர்.

நேரக் கணக்கையும் மாணவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரு திறமைப்புள்ளிக்கு 50 கற்றல் மணித்தியாலம் என்பது தகைமைச் சட்டகத்தின் கணக்கு. மூன்று திறமைப்புள்ளிப் பாடம் என்றால் 150. பதினைந்து வாரத்தில் பகிர்ந்தால் வாரத்துக்குப் பத்து. விரிவுரையும் ஆய்வுகூடமும் அதில் ஏறத்தாழ பாதியை எடுத்துக்கொண்டால், மீதி ஐந்து மணித்தியாலத்தை மாணவர் எந்த இடத்தில், எந்தக் கணினியில் செலவிடுவார் என்ற கேள்விக்குத் துறையிடம் விடை இருக்க வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்கு ஆய்வுகூடத்தைப் பூட்டிவிட்டு, மாணவர் பயிற்சி செய்வதில்லை என்று குறை கூறுவது முறையாகாது.

மொழி பற்றி என் கருத்து உறுதியானது. முதல் ஐந்து வாரங்களில் கருத்தை விளக்கும்போது தாய்மொழி தாராளமாக வரட்டும். நிரல், பிழைச் செய்தி, பரீட்சை வினா ஆகியன ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அடிக்கடி வரும் பிழைச் செய்திகள் பதினைந்தையும் அவற்றின் பொருளையும் மூன்று மொழியிலும் ஒரு தாளில் அச்சிட்டு ஆய்வுகூடச் சுவரில் ஒட்டிவிட்டால், "சேர், சிவப்பா ஏதோ வருது" என்று நிற்கும் மாணவர் "சேர், ஆறாம் வரியில பெயர் தெரியேல்லையாம்" என்று சொல்லுமளவுக்கு முன்னேறுவார். இரண்டாவது கூற்றைச் சொல்பவர் ஏற்கெனவே பிழை திருத்தத் தொடங்கிவிட்டார்.

நான்காம்படி: குப்பியை நிறுவனத்தின் பொறுப்பாக்குதல்

நமது பல்கலைக்கழகங்களில் சிரேஷ்ட மாணவர் கனிஷ்ட மாணவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் குப்பி நீண்டகாலமாக உள்ளது. ஆசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியை அண்ணாவிடமோ அக்காவிடமோ கேட்க முடிவதே அதன் பலம். அதன் குறை, பரீட்சைக்கு முந்திய கிழமையில்தான் அது வேகம் பெறுகிறது என்பதும், கடந்த வினாத்தாளைச் செய்து காட்டுவதோடு முடிந்துவிடுகிறது என்பதும் ஆகும். இன்னொரு குறை நேரம்: இரவு எட்டு மணிக்கு விடுதியில் நடக்கும் குப்பிக்கு, செட்டிகுளத்துக்கோ நெடுங்கேணிக்கோ பின்னேர பஸ்ஸில் திரும்ப வேண்டிய மாணவி வர முடியாது.

ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்தே, வாரத்துக்கு இருமுறை, பகல் நேர அட்டவணைக்குள், ஆய்வுகூடத்திலேயே குப்பிக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். வழிநடத்தும் சிரேஷ்ட மாணவர்களை வெறும் தரப்புள்ளியை மட்டும் பார்க்காமல், தாமும் முதல் அரையாண்டில் தடுமாறிப் பின்னர் மீண்டவர்களையும் சேர்த்துத் தெரிவுசெய்யுங்கள். விடையை எழுதிக் காட்டுவதற்குத் தடை, கேள்வி கேட்டு வழிநடத்துவதற்கு மட்டும் அனுமதி என்பதை ஒரு மணித்தியாலப் பயிற்சியில் அவர்களுக்குப் பழக்கலாம். சான்றிதழும், இயலுமாயின் சிறு கொடுப்பனவும் வழங்குவது அவசியம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் 1970களின் இறுதியில் கணிதத்துக்காகத் தொடங்கிய குழுப் பட்டறைகள் இதே அடிப்படையில் அமைந்தவை: கடினமான கணக்கைச் சேர்ந்து செய்ய வைத்தார், பின்தங்கியோருக்கான வகுப்பு என்ற முத்திரையைத் தவிர்த்தார். நமது குப்பியும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இதோடு பிரிக்க முடியாத ஒன்று பகிடிவதை. புதிய மாணவரைச் சிரேஷ்ட மாணவரோடு சேர்க்கும் எந்த ஏற்பாடும், பகிடிவதை நடக்கும் சூழலில் அச்சத்துக்கான வாசலாகவே அமையும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதனைக் குற்றமாக்கியுள்ளது. குப்பி நடக்கும் இடத்தில் போதனாசிரியர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். முறைப்பாடு செய்ய வேண்டிய தொலைபேசி இலக்கம் முதல் நாளிலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். வகுப்புக்கு வராத மாணவர் பாடம் புரியாமல் ஒளிகிறாரா, வழியில் நிற்பவருக்கு அஞ்சி ஒளிகிறாரா என்பதை விசாரிக்காமல் அவரைச் சோம்பேறி என்று எழுதிவிடக் கூடாது.

ஐந்தாம்படி: நான்காம் வாரப் பட்டியல்

துறை மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தினால், அதில் யார் எப்போது உள்நுழைந்தார் என்ற பதிவு கிடைக்கும். அதை ஈடுபாடு என்று எடுத்துக்கொள்வது நமது சூழலில் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒருவர் விரிவுரைக் குறிப்பைத் தரவிறக்கி வட்ஸ்அப் குறூப்பில் போட்டுவிட்டால், நாற்பது பேர் உள்நுழையாமலே அதனைப் படிப்பர். தம்பி தங்கையோடு போனைப் பகிர்பவரின் பதிவு எப்போதும் குறைவாகவே தெரியும். சமர்ப்பித்த ஒப்படையின் எண்ணிக்கையும் ஏமாற்றும், ஏனெனில் ஒரே நிரல் பெயர் மாறி வந்து சேரலாம்.

நம்பத்தக்க அறிகுறிகள் மூன்று. முதலாவது, ஆய்வுகூடத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் செலவிட்டு, அவர் சமர்ப்பித்த நிரலில் ஒரு வரியை அவர் கண்முன்னே மாற்றச் சொல்வது: "ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டுகிறது, இப்போது இரட்டை எண்களை மட்டும் கூட்ட வையுங்கள்." இயன்றது, உதவியோடு இயன்றது, இயலவில்லை என்று மூன்றில் ஒன்றைப் போதனாசிரியர் குறித்தால் போதும். இரண்டாவது, மூன்றாம் வாரத்தில் ஐந்து வினாக்கள் கொண்ட, புள்ளி வழங்காத சிறு தாள். மூன்றாவது, தொடர்ந்து இரண்டு ஆய்வுகூட வகுப்புகளுக்கு வராமை. இவற்றில் இரண்டு ஒருவரிடம் காணப்பட்டால், நான்காம் வாரத்தின் வெள்ளிக்கிழமைக்குள் அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கு எதிரே பொறுப்பேற்கும் ஒரு விரிவுரையாளரின் பெயரும் இருக்க வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பட்டியலைத் தயாரிக்காமல் இருப்பதே மேல்.

அழைப்பு எப்படி அமைய வேண்டும் என்பதும் முக்கியம். "நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள், காரணம் கூறுக" என்ற கடிதம் மாணவரை இன்னும் தூரத்துக்கே அனுப்பும். "தம்பி, போன கிழமை லாப்பில உங்களைக் காணேல்ல. லூப் பகுதி கனபேருக்குக் கஷ்டமா இருக்கு. செவ்வாய் பின்னேரம் அரை மணித்தியாலம் வாங்கோ, சேர்ந்து பார்ப்பம்" என்று நேரில் பேசினால் பெரும்பாலும் வருவார். வீட்டுக்கு அழைத்துப் பேசுவது மாணவரின் சம்மதத்தோடு மட்டுமே நடக்க வேண்டும்.

இங்கே வன்னியின் பருவமும் கணக்கில் வர வேண்டும். பெரும்போக அறுவடை நடக்கும் தை, மாசியில் வயலுக்கு உதவச் சென்ற மாணவரும், ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையில் பாதை வெள்ளத்தால் மூடப்பட்டு வர இயலாதவரும், வற்றாப்பளைப் பொங்கலுக்கோ ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கோ வீடு சென்றவரும் பட்டியலில் தோன்றுவர். இவர்களுக்குத் தேவைப்படுவது தவறவிட்ட ஆய்வுகூடத்தை ஈடுசெய்ய ஒரு நாள், ஆலோசனை அவசியமில்லை. மழைக்கால வாரங்களில் புதிய கருத்தைத் தொடங்காமல் பயிற்சி வாரமாக அமைப்பது சிறந்தது.

ஆறாம்படி: மாணவரிடம் நேரடியாகக் கேட்டல்

ஐந்தாம் வாரத்திலும் பத்தாம் வாரத்திலும் பெயர் இடாத குறுகிய வினாக்கொத்து ஒன்றைத் தாளில் கொடுங்கள். கேள்விகள் நடைமுறை சார்ந்தவையாக இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு நிரல் ஓடாமல் நின்றால், நீங்கள் கேட்கக்கூடிய ஒருவர் இந்த அணியில் இருக்கிறாரா? வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்கினீர்களா, ஏன்? கடைசியாக நீங்களாகவே ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தியது எப்போது? இந்தக் கற்கைநெறி உங்களுக்கு ஏற்றது என்று நினைக்கிறீர்களா? அரையாண்டு இறுதியில் நிரப்பப்படும் விரிவுரையாளர் மதிப்பீட்டுப் படிவத்தால் இந்த மாணவருக்கு எந்தப் பயனும் கிடைப்பதில்லை. ஐந்தாம் வார விடைகளை வைத்து ஆறாம் வாரத்தில் ஒரு மாற்றத்தையாவது செய்து, "நீங்கள் சொன்னதால் இதை மாற்றினோம்" என்று வகுப்பில் அறிவித்தால், பத்தாம் வாரத்தில் இன்னும் உண்மையாக எழுதுவர்.

பதிவு செய்யாமல் போனவர்களிடமும் பேச வேண்டும். அவருக்குப் புள்ளி இட்ட விரிவுரையாளர் அதைச் செய்யக் கூடாது. வேறு பீடத்து மாணவர் ஆலோசகர் பொருத்தமானவர். திரும்பி வர விரும்பினால் என்ன வழி உண்டு என்ற தகவலைக் கையில் வைத்துக்கொண்டே பேச வேண்டும்.

ஏழாம்படி: செய்தது பயனளித்ததா என்று நேர்மையாக மதிப்பிடுதல்

60 பேர் கொண்ட அணியில் 8 பேர் சித்தியடையவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது 13 சதவீதம். இத்தனை சிறிய எண்ணிக்கைக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான வீதம் இருக்கக்கூடிய எல்லை, ஏறத்தாழ 7 முதல் 24 சதவீதம் வரை விரிகிறது. அடுத்த அணியில் 5 பேராகக் குறைந்தால் அது உங்கள் முயற்சியின் பலன் என்று சொல்ல முடியாது. 12 ஆக உயர்ந்தால் தோல்வி என்றும் சொல்ல முடியாது. மூன்று அணிகளைச் சேர்த்துப் பாருங்கள். முன்னைய மூன்று அணிகளின் தரவையும் அதே வரைவிலக்கணத்தில் பதிவேடுகளிலிருந்து திரட்டி வையுங்கள்.

உயர்கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் வலியுறுத்திய ஒழுங்கு இங்கே உதவும்: மாணவர் கொண்டுவந்தது, பல்கலைக்கழகத்தில் பெற்றது, இறுதியில் அடைந்தது ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தின் வெட்டுப்புள்ளி உயர்ந்திருந்தால், அல்லது உயர்தரத்தில் கணினி படித்தவர் கூடுதலாக வந்திருந்தால், சித்தி வீதம் தானாகவே உயரும். அதனால் முன் அனுபவம் உள்ளோர், இல்லாதோர் என்று பிரித்தே ஒப்பிடுங்கள். பெண், ஆண் என்றும், விடுதியில் இருப்பவர், வீட்டிலிருந்து வருபவர் என்றும் பிரித்தால் சராசரிக்குள் மறைந்திருப்பது வெளிவரும். ஆனால் ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவின் எண்ணையும் அறிக்கையில் வெளியிடக் கூடாது, ஆளை அடையாளம் கண்டுவிடலாம். வினாத்தாளின் கடினம் வருடத்துக்கு வருடம் மாறுவதால், வெளியிடப்படாத நான்கைந்து வினாக்களை ஒவ்வொரு வருடமும் மாற்றாமல் வைத்திருப்பது ஒப்பீட்டுக்கு உறுதியான அடித்தளம் தரும்.

இன்னொரு பொறியும் உண்டு. நான்காம் வாரத்தில் மிகக் குறைந்த புள்ளி பெற்றவர்களை அழைத்து உதவினால், அடுத்த தேர்வில் அவர்களது சராசரி உயரும். அதில் ஒரு பகுதி உதவி எதுவும் இல்லாமலே உயர்ந்திருக்கக்கூடியது. காய்ச்சலோடு எழுதியவர் அடுத்த முறை சுகமாக எழுதுவார். முன்னைய அணிகளில் அதே நிலையில் இருந்து உதவி பெறாதவர்கள் எவ்வளவு உயர்ந்தனர் என்பதோடு ஒப்பிட்டால்தான் உதவியின் உண்மையான அளவு தெரியும். இந்த அணியிலேயே பாதிப் பேருக்கு உதவியை மறுத்து ஒப்பிடுவதை நான் ஏற்கவில்லை.

அரையாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள், துறைக் கூட்டத்துக்கு இரண்டு பக்க அறிக்கை வைக்கப்பட வேண்டும். முதல் பக்கத்தில் நான்கு நிலைகளின் எண்ணிக்கையும் நான்காம் வாரப் பட்டியலில் இருந்தவர்கள் இப்போது எந்த நிலையில் உள்ளனர் என்பதும். இரண்டாம் பக்கத்தில் அடுத்த அணிக்கு மாற்றப்போகும் இரண்டு விடயங்களும் அவற்றுக்குப் பொறுப்பானவர்களின் பெயர்களும். உதவி விரிவுரையாளரும் போதனாசிரியரும் ஒப்பந்தம் முடிந்து மாறிக்கொண்டே இருப்பதால், கேள்வித் தொகுப்பு, பிழைச் செய்தித் தாள், இரண்டு நிமிடச் சோதனைப் படிவம், மூன்றாம் வார வினாத்தாள் ஆகிய எல்லாவற்றையும் தனியாரின் மடிகணினியில் விட்டுவிடாமல் துறையின் பொதுக் கணக்கில் சேமித்து, புதிதாக வருபவருக்கு முதல் நாளிலேயே கையளிக்க வேண்டும்.